ஸ்ட்ரான்சியம் இரிடேட்டில் காந்தத்தையும் சமச்சீரையும் எக்ஸ் கதிரால் அளப்பது எப்படி

ஓர் ஆக்சைடு படிகத்தில், இடக்குழு (படிகச் சமச்சீரின் வகை) விதிப்படி எதுவும் தெரியக் கூடாத இடத்தில் எக்ஸ் கதிர்ச் சிதறலில் ஓர் உச்சி எழுந்தால், காந்தச் சிதறல் கிடைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அங்கே உச்சி காட்டக் காந்தத்தைத் தவிர இன்னும் நான்கு காரணங்கள் இருக்கின்றன. மோனோகுரோமேட்டர் (ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் படிகம்) வழியே கசியும் அரை அலைநீளம் ஒன்று. படிகத்துக்குள் இருமுறை சிதறி வரும் கற்றை இன்னொன்று. அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான் மேகம் திசைக்குத் திசை வேறுபடுவது மூன்றாவது. படிகத்தின் உண்மையான சமச்சீர், நாம் நம்பியிருந்ததைவிடக் குறைவாக இருப்பது நான்காவது. தளவிளைவு (கற்றையின் மின்புலம் அதிரும் திசை), ஆற்றல், அசிமுத் கோணம் (படிகத்தைச் சிதறல் திசையன் சுற்றித் திருப்பும் கோணம்), வெப்பநிலை ஆகிய நான்கையும் மாற்றிப் பார்த்து இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகுதான் அதைக் காந்த உச்சி என்று எழுதலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே படிகத்தை எடுத்துக்கொள்கிறது: இரண்டு ஸ்ட்ரான்சியம், ஒரு இரிடியம், நான்கு ஆக்ஸிஜன் கொண்ட அடுக்கு ஆக்சைடான ஸ்ட்ரான்சியம் இரிடேட். 2009-இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் பி. ஜே. கிம் குழு இதன் காந்த அமைப்பை ஒத்திசைவு எக்ஸ் கதிர்ச் சிதறலால் கண்டது. முறையைக் கற்க இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. சைகை வலுவானது, படிகம் காற்றில் நிலையாக இருக்கும், காந்த ஒழுங்கு சுமார் 240 கெல்வினிலேயே தொடங்கிவிடும்.

நியூட்ரானால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள், ஆனால் கடினம். இரிடியம் நியூட்ரானை விழுங்கும் தனிமம், 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் அதன் உட்கவர் குறுக்குப்பரப்பு 425 பார்ன். படிகங்களோ ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய தகடுகள். எக்ஸ் கதிருக்கு அந்த அளவே தாராளம், ஏனென்றால் நாம் அளக்கப்போகும் ஆற்றலில் கற்றை நுழையும் ஆழமே சுமார் 10 மைக்ரான்தான்.

ஏன் விளிம்பில் அளக்க வேண்டும்

எக்ஸ் கதிர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால்தான் பெரும்பாலும் சிதறுகிறது. காந்தத்தால் சிதறும் வீச்சு, ஃபோட்டான் ஆற்றலை எலக்ட்ரானின் நிறை ஆற்றலான 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டால் (கேஇவி) வகுத்த விகிதத்தில் சுருங்கிவிடும். 11.2 கேஇவி-யில் அது 0.022, செறிவு அதன் வர்க்கம். அணுவிலுள்ள எலக்ட்ரான்களில் ஒரு சிறு பங்குக்கே காந்தத்தில் பங்கு உண்டு என்பதால் அதுவும் மேலும் குறையும். 1972-இல் கிரெனோபிளில் டி பெர்ஜெவினும் புருனெலும் நிக்கல் ஆக்சைடில் முதன்முதலாக இந்தச் சைகையைக் கண்டபோது அவர்களிடம் இருந்தது சாதாரண ஆய்வக எக்ஸ் கதிர்க் குழாய். அவர்களின் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃபோட்டான் ஆற்றலை இரிடியத்தின் எல்-3 விளிம்பான (உட்கவர்தல் திடீரென ஏறும் ஆற்றல்) 11.215 கேஇவி-க்குக் கொண்டுவந்தால் நிலைமை மாறும். 2பி கூட்டிலிருந்து எலக்ட்ரான், காந்தத்தைச் சுமக்கும் 5டி கூட்டுக்கே நேராகத் தாவித் திரும்புகிறது. ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அந்தத் தாவலில் பதிந்துவிடும். காந்தச் சைகை பல மடங்கு பெருகும்.

இரட்டைமுனைத் தாவலில் காந்தத்துக்கு நேர் விகிதத்தில் உள்ள பகுதிக்கு ஒரு முக்கியமான இயல்பு உண்டு. உள்வரும் தளவிளைவு, வெளிவரும் தளவிளைவு ஆகிய இரண்டின் குறுக்குப் பெருக்கலுடன் காந்தத் திருப்புத்திறன் புள்ளிப் பெருக்கலாகச் சேர்கிறது. சிங்க்ரோட்ரான் கற்றையின் மின்புலம் கிடைமட்டத்தில் இருக்கும். சிதறல் தளத்தைச் செங்குத்தாக வைத்தால் அந்த மின்புலம் தளத்துக்குச் செங்குத்து. இதுவே சிக்மா நிலை. சிக்மா உள்ளே போய் சிக்மாவாகவே வந்தால் குறுக்குப் பெருக்கல் பூஜ்யம், அதாவது காந்தம் தெரியாது. சிக்மா உள்ளே போய் பை-யாக, அதாவது மின்புலம் தளத்துக்குள்ளேயே கிடக்கும் நிலையில், வந்தால், திருப்புத்திறன் வெளிவரும் கற்றையின் திசையில் எவ்வளவு நீள்கிறதோ அதுவே வீச்சு. மின்னூட்டச் சிதறலோ சிக்மாவைச் சிக்மாவாகவே அனுப்பும். ஆகவே சிக்மா-பை வழியில் மட்டும் பார்த்தால், கூட்டத்திலிருந்து காந்தம் தனியே பிரிந்து வரும்.

கிளம்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பீம் டைம் (சிங்க்ரோட்ரானில் அளக்க ஒதுக்கப்படும் நேரம்) சில நாள்தான் கிடைக்கும். கோணக் கணக்கை முன்பே முடித்துவிட்டுப் போங்கள்.

12.398-ஐக் கேஇவி ஆற்றலால் வகுத்தால் ஆங்ஸ்ட்ராமில் அலைநீளம் கிடைக்கும். 11.215-க்கு அது 1.1055. அறை வெப்பநிலையில் அலகுக் கூடு ஏ = 5.49, சி = 25.8 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வோர் இரிடியத்தையும் ஆறு ஆக்ஸிஜன்கள் சூழ்ந்த எண்முகிகள் சி அச்சைச் சுற்றி 11 முதல் 12 டிகிரி திரும்பியிருப்பதால்தான் கூடு இவ்வளவு பெரிதாகிறது. வழக்கமாக எழுதப்படும் இடக்குழு 142-ஆம் எண். இந்தக் குழுவில், எதிரொளிப்பைக் குறிக்கும் (ஹெச் கே எல்) என்ற மூன்று குறியெண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருந்தால்தான் எதிரொளிப்பு வரும்.

காந்த உச்சிகள் (1 0 எல்) வரிசையில், எல் நான்கின் மடங்காக இருக்கும் இடங்களிலும், (0 1 எல்) வரிசையில் எல் நான்கின் மடங்குடன் இரண்டு கூடிய இடங்களிலும் வரும். நமக்கு வசதியானவை (1 0 24), (0 1 22). முதலாவதன் பிராக் கோணம் (கற்றை படிகத் தளத்தோடு சேரும் கோணம்) 31.6 டிகிரி, இரண்டாவதற்கு 28.8 டிகிரி. (1 0 24) திசை சி அச்சிலிருந்து 11 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. தகட்டின் இயற்கையான முகத்திலேயே அளந்துவிடலாம், வெட்டித் தேய்க்க வேண்டியதில்லை.

(1 0 24)-இன் கூட்டுத்தொகை 25, ஒற்றைப்படை. கூட்டின் மையப் பெயர்ச்சியே (மூலையில் உள்ளது மையத்திலும் அப்படியே இருப்பது) அதைத் தடுக்கிறது. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. எலக்ட்ரான் மேகத்தின் திசைச்சார்பால் வரும் போலி உச்சி, திருகு அச்சோ (சுழற்றி நகர்த்துவது) சறுக்குத் தளமோ (பிரதிபலித்து நகர்த்துவது) தடுத்த இடங்களில்தான் தலைகாட்டும், ஏனென்றால் அங்கேதான் ஓர் அணுவின் மேகம் அடுத்த அணுவில் திரும்பிய நிலையில் இருக்கிறது. வெறும் பெயர்ச்சி எதையும் திருப்புவதில்லை. எனவே மையப் பெயர்ச்சி தடுத்த இடத்தில் அந்தப் போலி வராது. காந்தத்தை முதலில் தேட வேண்டிய இடம் இப்படிப்பட்டதாக இருக்கட்டும். எந்த ஆக்சைடுக்கும் இது பொருந்தும்.

படிகமும் அதை ஒட்டுவதும்

படிகங்கள் பிளாட்டினம் மூசையில் ஸ்ட்ரான்சியம் குளோரைடு உருகலிலிருந்து வளர்க்கப்படுகின்றன. ஒட்டியிருக்கும் குளோரைடை நீரில் கழுவி எடுக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தகடு ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் பார்த்து, படிக்கட்டு போன்ற வரிகள் இல்லாத, கண்ணாடிபோல் பளபளக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆய்வகக் கருவியிலேயே (0 0 எல்) ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். இந்தக் குடும்பத்தில் இரட்டை அடுக்குச் சேர்மம் ஒன்று உண்டு. மூன்று ஸ்ட்ரான்சியம், இரண்டு இரிடியம், ஏழு ஆக்ஸிஜன் கொண்டது. அதன் சி அச்சு சுமார் 20.9 ஆங்ஸ்ட்ராம், காந்த ஒழுங்கு சுமார் 285 கெல்வினில் தொடங்கும். வளர்ச்சியின்போது அது இடையிடையே புகுந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், பின்னர் 240 கெல்வினுக்கு மேலும் காந்தம் நீடிப்பதுபோல் ஒரு வால் தெரிந்து குழப்பும்.

செம்புத் தாங்கியில் வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள். தகட்டின் அடிப்பரப்பு முழுவதும் கெட்டியான எப்பாக்சி பூசினால், குளிரும்போது செம்பும் படிகமும் வெவ்வேறு அளவில் சுருங்கி மொசைக்கை (படிகத்தின் நுண்பகுதிகள் ஒரே திசையில் அமைந்திருக்கும் ஒழுங்கை) கெடுக்கும். காந்த டொமைன்களின் (காந்தம் ஒரே விதமாக ஒழுங்குபட்ட பகுதிகளின்) விகிதத்தையும் மாற்றிவிடும். ஒரு மூலையில் சிறு பொட்டு போதும் என்று தோன்றலாம், ஆனால் அப்போது வெப்பம் வெளியேற வழி போதாது. அடியில் மெல்லிய வெள்ளிப் பசைப் படலமும், கிரையோஸ்டாட் (குளிர்விக்கும் கலம்) குவிமாடத்துக்குள் சிறிதளவு ஹீலியம் வாயுவும் இருப்பதே சரியான நடுவழி. ஏ அச்சு எந்தப் பக்கம் என்று தாங்கியில் கோடு கிழித்து வையுங்கள். அசிமுத் கணக்கில் அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கற்றையைத் தயார்செய்தல்

ஆறு வட்ட டிஃப்ராக்டோமீட்டரும் (மாதிரியையும் உணர்கருவியையும் ஆறு அச்சுகளில் திருப்பும் கருவி) தளவிளைவுப் பகுப்பானும் உள்ள பீம்லைன் (சிங்க்ரோட்ரானின் அளவீட்டு நிலையம்) வேண்டும். ஹாம்பர்க் பெட்ரா-3 வளையத்தின் பி-09, இங்கிலாந்தின் டைமண்டில் உள்ள ஐ-16 போன்றவை இந்த வேலைக்கென்றே அமைந்தவை. பெட்ரா-3-இல் இந்திய ஆய்வாளர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஏற்பாட்டில் நேரம் கிடைத்துவந்திருக்கிறது.

ஆற்றலை அளவுதிருத்த இரிடியத் தகடோ பிளாட்டினத் தகடோ வையுங்கள். பிளாட்டினத்தின் எல்-3 விளிம்பு 11.564 கேஇவி. பிறகு மாதிரியின் ஒளிர்வையே (ஃப்ளூரசன்ஸ்) அளந்து அதன் உட்கவர் உச்சியை, வெள்ளைக்கோடு என்று சொல்வதை, குறித்துக்கொள்ளுங்கள். காந்த ஒத்திசைவு அதன் உச்சியில் இருக்காது. சுமார் 3 இவி கீழே இருக்கும். வெள்ளைக்கோட்டின் உச்சியிலேயே ஆற்றலை நிறுத்திவிட்டுத் தேடினால் சைகை மெலிந்து, ஒளிர்வுப் பின்னணியில் மூழ்கிப்போகும். சிலிக்கன் (111) மோனோகுரோமேட்டரின் பிரிதிறன் இந்த ஆற்றலில் சுமார் 1.5 இவி, அது இந்த வேலைக்குப் போதுமானது.

அரை அலைநீளம் இந்தப் பரிசோதனையில் நேரடி எதிரி. 22.43 கேஇவி கற்றை கசிந்து வந்தால், (1 0 24) இருக்கும் அதே கோணத்தில் (2 0 48) என்ற அனுமதிக்கப்பட்ட வலுவான எதிரொளிப்பு எழும். சிலிக்கன் (222) கிட்டத்தட்ட தடைசெய்யப்பட்டது என்பதால் கசிவு குறைவுதான்; ஆனாலும் காந்தச் சைகையின் அளவோடு பார்த்தால் அதுவே மிகையாகலாம். மூன்றில் ஒரு பங்கு அலைநீளம் சிலிக்கன் (333) வழியே தாராளமாக வரும். அது (3 0 72)-ஐத் தேடும். கூட்டுத்தொகை 75, ஒற்றைப்படை, எனவே இந்த உச்சியில் தொல்லை தராது.

கண்ணாடிகளால் அரை அலைநீளத்தை வெட்டலாம். ரோடியம் பூசிய கண்ணாடி 3 மில்லிரேடியன் சாய்வில் சுமார் 22 கேஇவி வரை எதிரொளிக்கும். நாம் வெட்ட நினைக்கும் ஆற்றலின் வாசலிலேயே எல்லை விழுகிறது. 4 மில்லிரேடியனுக்குச் சாய்த்தால் எல்லை 17-க்கு அருகில் இறங்கும், 11.2 தடையின்றிப் போகும். சாய்வை மாற்ற முடியாத பீம்லைனில் கீழ்க்கண்ட சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கற்றையில் 300 மைக்ரான் அலுமினியத் தகட்டை நுழையுங்கள். 11.2 கேஇவி அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், 22.4 கேஇவி-யில் ஐந்தில் நான்கு பங்கு தப்பிவிடும். உச்சி ஐந்தில் ஒரு பங்காக இறங்கினால் நல்லது. கொஞ்சம்தான் இறங்கியது என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஹார்மோனிக், அதாவது அரை அலைநீளக் கசிவு.

தளவிளைவைப் பிரிக்க, சிதறிய கற்றையின் பாதையில் இன்னொரு படிகத்தை வைக்க வேண்டும். அதன் பிராக் கோணம் 45 டிகிரியை ஒட்டியிருக்க வேண்டும். தங்கத்தின் (333) தளம் எல்-3 விளிம்பில் 44.8 டிகிரி தருகிறது; தவறான தளவிளைவு கசிவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிராஃபைட் (0 0 8) வைத்தால் கோணம் 41.2 டிகிரி, கசிவு 1.7 விழுக்காடு. கிராஃபைட்டில் எண்ணிக்கை அதிகம் கிடைக்கும் என்பதால் உச்சியைத் தேடும்போது அது உதவும். அளக்கும்போது தங்கமே நல்லது. பகுப்பானை மாட்டியதும் (0 0 24) மின்னூட்ட உச்சியில் நின்று சிக்மா-சிக்மா, சிக்மா-பை இரண்டையும் அளந்து, உண்மையான கசிவு எவ்வளவு என்று எழுதிவையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சிக்மா-பை எண்ணையும் அதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

உச்சியைத் தேடுதல்

திசையமைவுக்கு (0 0 24), (2 0 24) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். (1 1 24) வேண்டாம். 142-ஆம் குழுவின் சறுக்குத் தளம் அதைத் தடுக்கிறது. (1 1 22) வரும். அலுமினியத் தகடுகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் இந்த வலுவான உச்சிகளுக்குப் போக வேண்டும். உணர்கருவியைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

அறை வெப்பநிலையில் அமைத்த திசையமைவு, குளிர்ந்த பின் பயன்படாது. தாங்கி சுருங்கி மாதிரி கீழிறங்கியிருக்கும், கூட்டின் அளவும் மாறியிருக்கும். குளிரவைத்து, வெப்பநிலை நிலைத்து, உயரத்தைத் திருத்தி, இரண்டு உச்சிகளையும் மறுபடி பிடித்த பிறகே (1 0 24)-க்கு நகருங்கள். முதலில் பகுப்பான் இல்லாமல், பிக்சல் உணர்கருவியில் ராக்கிங் ஸ்கேன் (மாதிரியைச் சிறிது சிறிதாகத் திருப்பி அளப்பது) எடுத்தால் உச்சி விரைவாக அகப்படும். இரிடியத்தின் ஒளிர்வு 9.175 கேஇவி-யில் வருவதால், ஆற்றல் வாசலை 10-க்கு அருகில் வைக்க முடிந்தால் பின்னணி நன்றாகக் குறையும். பெரிலியம் குவிமாடத்தின் தூள் வளையங்கள் பிக்சல் படத்தில் வளைகோடுகளாகத் தெரியும்; அவற்றை உச்சி என்று எண்ணிவிட வேண்டாம்.

(1 0 24) கிடைக்கவில்லை என்றால் (0 1 24)-க்கும் போய்ப் பாருங்கள். படிகம் நாற்கோண அமைப்புடையது. காந்தம் ஏ, பி இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு டொமைனில் (1 0 24) தெரிந்தால் அடுத்த டொமைனில் அது (0 1 24)-ஆக இடம் மாறும். கற்றை 100 மைக்ரான் அகலமே உடையதாக இருந்தால், அது விழும் இடத்தில் ஒரே டொமைன் இருக்கலாம். மாதிரியை 100 மைக்ரான் வீதம் நகர்த்தி இரண்டு உச்சிகளின் செறிவையும் வரைபடமாக்குங்கள். ஒரு டொமைன் மேலோங்கிய இடத்தைத் தேர்ந்துகொண்டால் அசிமுத் ஸ்கேன் தெளிவாக இருக்கும்.

கற்றையே மாதிரியைச் சூடாக்கும் என்பதையும் மறக்காதீர்கள். விநாடிக்கு 10 லட்சம் கோடி ஃபோட்டான் 11.2 கேஇவி-யில் வந்தால் அது 18 மில்லிவாட். சில பத்து மைக்ரான் புள்ளியில் அது விழும்போது, வெப்பநிலைமானி காட்டுவதைவிடப் படிகம் சூடாக இருக்கும். நீல் வெப்பநிலைக்கு (காந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை) சற்றுக் கீழே நின்று, கற்றையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி அளங்கள். செறிவும் அதே விகிதத்தில் குறைந்தால் கவலையில்லை. விகிதத்தைவிடக் குறைவாக இறங்கினால் கற்றை சூடாக்கியிருக்கிறது; அலுமினியத் தகடுகளைப் போட்டே அளவெடுங்கள்.

உச்சி உண்மைதானா

தளவிளைவை முதலில் பாருங்கள். உச்சி சிக்மா-பையில் இருக்க வேண்டும். சிக்மா-சிக்மாவில் பின்னணி மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்தது ஆற்றல். குறியெண்களை நிலையாக வைத்து, ஒவ்வொரு ஆற்றலுக்கும் கோணங்களைத் திருத்திக்கொண்டே, விளிம்பின் இருபுறமும் 30 இவி வரை 0.5 இவி அடியெடுத்து அளங்கள். ஒத்திசைவு உச்சி சில இவி அகலத்தில் எழுந்து அடங்கும். விளிம்பிலிருந்து விலகினால் ஏறத்தாழ மறைந்துவிடும். விளிம்பைத் தாண்டியதும் உட்கவர்தல் ஏறுவதால் நிறமாலையின் வலப்பக்கம் அமுங்கித் தெரியும். ஒளிர்விலிருந்து உட்கவர் கெழுவை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் அதனால் பெருக்குங்கள்.

இருமுறைச் சிதறல் இந்த ஆற்றல் ஸ்கேனில் ஒரு கூர்மையான முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: அசிமுத்தை ஒரு டிகிரியில் சில பங்கு நகர்த்தி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். முள் வேறு ஆற்றலுக்குத் தாவும் அல்லது மறையும். உண்மையான ஒத்திசைவு அசையாது. 25.8 ஆங்ஸ்ட்ராம் நீளக் கூட்டில் எதிரொளிப்புகள் நெருங்கிக் கிடப்பதால் இந்த முட்கள் அடிக்கடி வரும். எந்த அசிமுத்தில் முள் இல்லாத வெளி இருக்கிறது என்று தேடி, முக்கியமான அளவீடுகளை அங்கேயே செய்யுங்கள்.

வெப்பநிலை சோதனை நேரம் பிடிக்கும், ஆனால் தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் (0 0 24)-ஐ மறுபடி பிடித்துக் கூட்டின் நீளத்தைத் திருத்தி, பிறகு காந்த உச்சியின் முழு ராக்கிங் ஸ்கேனை எடுங்கள். ஒரே கோணத்தில் நின்று வெப்பநிலையை மட்டும் ஏற்றினால், உச்சி நகர்ந்து போவதைக் காந்தம் மறைவதாக நினைக்க நேரிடும். தொகைச் செறிவு திருப்புத்திறனின் வர்க்கத்துக்கு விகிதமானது. அது 240 கெல்வினை நெருங்கும்போது தொடர்ச்சியாகச் சரிந்து பின்னணியில் சேர வேண்டும்.

அசிமுத்: திருப்புத்திறன் எந்தத் திசையில்

இந்த முறையின் உண்மையான பலன் இங்கேதான். படிகத்தைச் சிதறல் திசையன் சுற்றித் திருப்பிக்கொண்டே போனால், சிக்மா-பை செறிவு திருப்புத்திறனின் திசையை நேரடியாகக் காட்டும்.

(1 0 24)-க்கு மூன்று வாய்ப்புகளையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்புத்திறன் சி அச்சில் இருந்தால் செறிவு ஏறி இறங்கும், ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. பி அச்சில் இருந்தால் இரண்டு சம உயர மேடுகள் வரும். ஏ அச்சு சிதறல் தளத்துக்குள் வரும்போது பூஜ்யம். ஏ அச்சில் இருந்தால், ஏ தளத்துக்குள் வரும்போது மேடு. ஆனால் இரண்டு மேடுகளும் சமமாக இருக்காது. சிதறல் திசையன் 11 டிகிரி சாய்ந்திருப்பதால் ஒன்று மற்றதைவிட 1.6 மடங்கு பெரிதாக இருக்கும். பூஜ்யமும் சரியாக 90 டிகிரியில் விழாமல், பெரிய மேட்டிலிருந்து 97 டிகிரி தள்ளி இருபுறமும் விழும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே சாய்வால், கற்றை நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் அசிமுத்தோடு மாறுகின்றன. ஒரு மேட்டில் கற்றை 42.7 டிகிரியில் நுழைந்து 20.5 டிகிரியில் வெளியேறும். எதிர் மேட்டில் இவை இடம் மாறும். தடித்த படிகத்தில் செறிவு, நுழைகோணத்தின் சைனை வெளிகோணத்தின் சைனால் வகுத்து ஒன்றைக் கூட்டி, அதன் தலைகீழுக்கு விகிதமாக இருக்கும். முதல் மேட்டுக்கு அந்தக் காரணி 0.34, எதிர் மேட்டுக்கு 0.66. திருப்புத்திறன் வெளிவரும் கற்றையோடு நன்றாக ஒத்துப்போகும் பெரிய மேடுதான் இந்த உட்கவர்தலால் அதிகம் இழக்கிறது. விளைவு, 1.6 மடங்கு பெரிதாக வர வேண்டியது, திருத்தம் செய்யாத தரவில் மற்றதைவிடச் சிறியதாக, 0.84 மடங்காகத் தெரியும். மாதிரியில் பொருத்தமே வரவில்லை என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இந்தத் திருத்தத்தைச் செய்திருக்கிறோமா என்று பாருங்கள். கற்றைத் தடம் மாதிரியை விட்டு வெளியே போகாமல் இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும் என்பதையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

இப்படி அளந்தால் திருப்புத்திறன்கள் ஏ-பி தளத்தில் கிடப்பது தெளிவாகும். அவை அண்டை அணுக்களில் எதிரெதிராக இருந்தாலும் எண்முகியோடு சேர்ந்து சுமார் 12 டிகிரி சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வால் ஒவ்வோர் அடுக்கிலும் சிறு நிகரக் காந்தம் எஞ்சும். நான்கு அடுக்குகளில் அது கூட்டல், கழித்தல், கழித்தல், கூட்டல் என்று அடுக்கப்படுகிறது. அதனால் (0 0 எல்) வரிசையில் எல் ஒற்றைப்படையாக உள்ள இடங்களில் மிக மெல்லிய உச்சிகள் எழும். அவற்றை (1 0 24)-இன் செறிவோடு ஒப்பிட்டால் சாய்கோணமே கையில் கிடைக்கும். ஏ-பி தளத்தில் ஒரு டெஸ்லாவில் பத்தில் சில பங்கு காந்தப்புலம் கொடுத்தால் அடுக்கு வரிசை மாறி, (1 0 24) அணைந்து, எல் ஒற்றைப்படையான (1 0 எல்) இடங்கள் ஒளிரும்.

எல்-2 விளிம்பு

12.824 கேஇவி-யில் உள்ள எல்-2 விளிம்பில் இதே உச்சி ஏறத்தாழ இல்லாமலே போகிறது. எல்-3-இல் இருப்பதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஸ்பின்னும் ஆர்பிட்டாலும் பின்னிப் பிணைந்து, ஜே-எஃபெக்டிவ் அரை என்ற நிலையை உருவாக்குகின்றன என்பதற்கு 2009-இல் இதுவே சான்றாக முன்வைக்கப்பட்டது. பிற்பாடு வந்த கணக்குகள் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தன: திருப்புத்திறன் ஏ-பி தளத்தில் கிடந்தால், அந்த நிலை தூய்மையாக இல்லாவிட்டாலும் எல்-2 மறையலாம். ஆகவே எல்-2-இன் மறைவை மட்டும் வைத்து மின்னணு நிலையைத் தீர்மானித்துவிடக் கூடாது.

ஒப்பிடும்போது பகுப்பானை மாற்றியாக வேண்டும். தங்கம் (333) இங்கே 38 டிகிரிக்கு நகர்ந்துவிடும். கிராஃபைட் (0 0 10) 46.1 டிகிரி தரும். பகுப்பான் மாறியதால் எண்ணிக்கையும் மாறும். இரு விளிம்புகளிலும் ஒரே மின்னூட்ட உச்சியை அளந்து அதனால் வகுத்துத்தான் விகிதம் சொல்ல வேண்டும்.

சமச்சீர்ச் சோதனை

காந்தம் மறைந்த பிறகு, 300 கெல்வினில் நின்று, எல் ஒற்றைப்படையாக உள்ள (1 0 எல்) இடங்களைப் பாருங்கள். 142-ஆம் குழுவில் சறுக்குத் தளம் இவற்றைத் தடுக்கிறது. இரிடியம் இருக்கும் இடத்தின் சமச்சீர், சி அச்சைச் சுற்றி நாற்படிச் சுழல்-எதிர்மாற்றம் (90 டிகிரி சுழற்றி மையத்தின் வழியே தலைகீழாக்குவது). அதனால் இரட்டைமுனைத் தாவலில் மேகத்தின் திசைச்சார்பும் எல்லா இரிடியத்திலும் ஒன்றே. ஆகவே இங்கே திசைச்சார்பாலும் உச்சி வர வழியில்லை. அப்படியும் வந்தால், படிகம் 142-ஐவிடத் தாழ்ந்த சமச்சீர் கொண்டது.

2013-இல் ஃபெங் யே குழு நியூட்ரானால் இந்த இடங்களில் அகன்ற வெப்பநிலை நெடுகிலும் உச்சிகளைக் கண்டது. 2015-இல் ஒளியின் இரண்டாம் ஹார்மோனிக் அளவீடும் அதையே சொன்னது. இரண்டும் 88-ஆம் எண் இடக்குழுவைக் காட்டின. அதில் இந்த உச்சிகளைத் தடுக்கும் சறுக்குத் தளம் இல்லை; இரிடியத்துக்கு ஒத்தில்லாத இரண்டு இருப்பிடங்கள்.

எக்ஸ் கதிரில் இந்த உச்சிகளைத் தேடுவது பொறுமையைக் கேட்கும், ஏனென்றால் அவற்றில் பெரும் பங்கு ஆக்ஸிஜனின் இடமாற்றத்தால் வருகிறது. ஆக்ஸிஜனோ எக்ஸ் கதிருக்கு மிக மெல்லியது. இவை மின்னூட்டச் சிதறல் என்பதால் சிக்மா-சிக்மாவில் தெரிய வேண்டும், விளிம்புக்கு வெளியிலும் நீடிக்க வேண்டும். ஒவ்வொரு உச்சியையும் குறைந்தது மூன்று அசிமுத்களில் அளங்கள். முள்களாக வந்து போனால் அவை இருமுறைச் சிதறல். எண்முகிச் சுழற்சி எவ்வளவு வலுவான உச்சி தரும் என்று தெரிந்துகொள்ள, அதே படிகத்தில் (2 1 23) போன்ற அனுமதிக்கப்பட்ட, ஆக்ஸிஜனால் மட்டுமே வரும் எதிரொளிப்பை அளந்து ஒப்பிடுங்கள். (1 0 ஒற்றை) உச்சி அதைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்தால், உடைந்திருக்கும் சமச்சீரும் அந்த அளவுக்கே சிறியது.

இரிடேட் இல்லாமல் பழக வேண்டுமென்றால், இயற்கையில் கிடைக்கும் நல்ல ஹெமடைட் படிகம் போதும். இரும்பின் கே விளிம்பு 7.112 கேஇவி, பகுப்பானுக்குச் செம்பு (220) 43 டிகிரியில் உதவும். (0 0 3) எதிரொளிப்பு அங்கே சறுக்குத் தளத்தால் தடைசெய்யப்பட்டது. விளிம்புக்குச் சற்றுக் கீழுள்ள முன்-உச்சியில் அது அசிமுத்தோடு ஏறி இறங்கியபடி எழும். 3டி உலோகங்களின் எல் விளிம்புகளுக்குப் போனால் காந்தச் சைகை மிக வலுவாகும், ஆனால் அலைநீளம் நீண்டுவிடும்: நிக்கல் எல்-3-க்கு, 853 இவி-யில், 14.5 ஆங்ஸ்ட்ராம். ஒழுங்கின் இடைவெளி 7.3 ஆங்ஸ்ட்ராமைவிடக் குறைவாக இருந்தால் எந்தக் கோணத்திலும் அந்த உச்சியைத் தொட முடியாது. விண்ணப்பம் எழுதும் முன்பே அந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.